பம்ப்புக்கு ஒரு நாள் லீவு

ஆயுத பூஜை அன்று ஹெரான் பெண்ட் கேரவன் பார்க்கில் சந்தனப் பொட்டு வாங்காமல் தப்பித்தது ஆறு ஒன்றுதான். அதுவும் ஓடிக்கொண்டே இருந்ததால் தப்பித்தது. புல்வெட்டும் மெஷின், கோல்ஃப் கார்ட், இலை ஊதும் குழாய், வாஷிங் மெஷின்கள், ஒவ்வொரு கேரவனுக்கும் கரண்ட் கொடுக்கும் கம்பம், நாய்க்கழிவு அள்ளும் பை தொங்கும் டப்பா என்று கண்ணில் பட்ட எதையும் சேனாபதி விட்டுவைக்கவில்லை. தீயணைப்பு சிலிண்டருக்கு அவர் அப்பிய குங்குமத்தில் அதன் மீட்டர் முள்ளே மூழ்கிப்போனது. காலை நடைக்கு வந்த ஒரு அமெரிக்க அம்மாள், அசையாமல் நின்றால் தனக்கும் ஒன்று விழும் என்று பயந்து நடையை ஓட்டமாக்கிக்கொண்டாள்.

சேனாபதி பரமத்தி வேலூர் பக்கம் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் இன்ஜினியராக இருந்து ரிட்டயர் ஆனவர். மகன் ஜெயபிரகாஷுக்கு ஆஸ்டினில் சாஃப்ட்வேர் வேலை. மற்ற பிள்ளைகள் வீடு வாங்குவார்கள், ஷேர் வாங்குவார்கள். இவன் ஆபீஸ் நண்பர்களோடு கூட்டுச் சேர்ந்து டெக்சஸ் வெயிலில் ஒரு ஆற்றங்கரையையே வாங்கிப்போட்டான். சினிமா நடிகர்கள் ஷூட்டிங்குக்கு நடுவில் ஏறி உட்காருவார்களே, அதே கேரவன்தான். இங்கே ரிட்டயர் ஆனவர்கள் அதிலேயே குடித்தனம் நடத்துகிறார்கள். அவர்களுக்கு வண்டி நிறுத்த இடமும் கரண்ட்டும் தண்ணீரும் கழிவுநீர்க் குழாயும் கொடுப்பதுதான் பார்க்கின் பிழைப்பு. கிரீன் கார்டு வந்தபின் ஆஸ்டின் வீட்டு சோபாவில் துருப்பிடித்துக்கொண்டிருந்த அப்பாவை, "மெயின்டனன்ஸ் முழுக்க நீங்க பாத்துக்கங்கப்பா" என்று அம்மா மரகதத்தோடு இங்கே குடிவைத்தான் மகன்.

கூட்டாளிகள் முனகினார்கள். வயசான மனுஷர், ஊர் வேறு, ரூல் வேறு என்றார்கள். "எங்கப்பா முப்பது ஊருக்குத் தண்ணி குடுத்தவர்" என்று ஒரே வரியில் அவர்கள் வாயை அடைத்தான் ஜெயபிரகாஷ். அந்த வரியை மரகதம் போனில் சொந்தக்காரர்களுக்குச் சொல்லிச் சொல்லி, முப்பது ஊர் நாளடைவில் முந்நூறு ஊர் ஆகியிருந்தது. சேனாபதி திருத்தவில்லை.

பார்க்கின் உயிர்நாடி ஆற்றோரத்தில், இருப்பதிலேயே தாழ்வான இடத்தில் புதைந்து கிடந்தது. ஒரு கான்கிரீட் தொட்டி. எல்லாக் கேரவன்களின் கழிவுநீரும் அதில் வந்து விழும். உள்ளே மூழ்கிக் கிடக்கும் பம்ப் அதை மேட்டிலிருக்கும் சுத்திகரிப்புத் தொட்டிக்குத் தள்ளும். அதற்கு இரவு பகல் இல்லை, ஞாயிறு இல்லை, கிறிஸ்துமஸ் இல்லை. யாரும் அதற்கு ஒரு ஹலோ சொன்னதில்லை. அதன் கண்ட்ரோல் பெட்டிக்குப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டியபோது சேனாபதிக்கு மனம் இளகிவிட்டது. அவர் காலத்து பம்ப் ஹவுஸில் ஆயுத பூஜை என்றால் மோட்டாருக்கும் ஓய்வு. முந்தின நாளே மேல்நிலைத் தொட்டிகளை நிரப்பிவிட்டு, ஸ்விட்சை இறக்கி, மாலை போட்டு, பொரிகடலை வைத்து, மறுநாள் காலையில்தான் ஏற்றுவார்கள். பூஜையில் வைத்ததை அன்றைக்கே வேலை வாங்குவது அவருக்கு ஆகாது. புல்வெட்டும் மெஷினுக்கு லீவு, கோல்ஃப் கார்ட்டுக்கு லீவு, இந்த ஜீவன் மட்டும் என்ன பாவம் செய்தது?

தொட்டி தாங்குமா என்று கணக்குப் போட்டுத்தான் பார்த்தார். கிராமத்தில் தலைக்கு நாற்பது லிட்டர் என்று திட்டம் போட்டுப் பழகிய கை. அமெரிக்கர்கள் ஆயிற்றே என்று பெரிய மனசு பண்ணி அதை இரண்டு மடங்காக்கினார். மறுநாள் காலை வரை தொட்டி தாராளமாகத் தாங்கும் என்று விடை வந்தது. ஸ்விட்சை இறக்கினார். முனகல் நின்றது. "நல்லாத் தூங்கு" என்று பெட்டியைத் தட்டிக்கொடுத்துவிட்டு, சுண்டல் சாப்பிடப் போனார்.

அவர் கணக்கில் வராத கூட்டம் மத்தியானம் வந்து இறங்கியது. பாட்டன் முதல் கைக்குழந்தை வரை ஒரே ஆரஞ்சு நிற டி-ஷர்ட் போட்ட ஒரு குடும்பம், வருஷத்துக்கு ஒரு முறை ஒன்றுகூடுகிறதாம். யானைக்குட்டியைக் குளிப்பாட்டலாம் என்கிற அளவு ஒரு அண்டாவில் பீன்ஸ் கொதித்தது. அவ்வளவு பேரும் அதைச் சாப்பிட்டார்கள். ஆற்றில் குதித்தார்கள். ஏறி வந்து ஷவரைத் திறந்துவிட்டுப் பாட்டுப் பாடினார்கள். ஒரு ஆள் ஒரு பாட்டு முடிப்பதற்குள் ஓடிய தண்ணீரில் பரமத்தி வேலூரில் ஒரு தெருவே குளித்து, துணியும் அலசியிருக்கும். சாயங்காலத்துக்கு மேல் பீன்ஸும் தன் வேலையைக் காட்டியது.

தொட்டி நிரம்பினால் எச்சரிக்க ஒரு சிவப்பு விளக்கும் ஊதுகுழலும் உண்டு. அவையும் அதே ஸ்விட்சில்தான் இருந்தன. சேனாபதி அவற்றுக்கும் சேர்த்தே லீவு கொடுத்திருந்தார்.

மறுநாள் விடிந்ததும் எலுமிச்சம்பழமும் கையுமாக பம்ப்பை எழுப்பப் போனவரை, வாசனை பாதி வழியிலேயே வந்து வரவேற்றது. ஹெரான் என்று பார்க்குக்குப் பெயர் வரக் காரணமான, எப்போதும் கரையில் தவம் செய்யும் நாரைகள், இனி பார்க்குக்கு வேறு பெயர் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுபோல எதிர்க்கரைக்குக் குடிபோயிருந்தன. தொட்டியின் மூடியைத் தூக்கிக்கொண்டு வழிந்த கழிவுநீர், படகு இறக்கும் துறை வழியாக இறங்கி ஆற்றைத் தொட்டிருந்தது.

ஸ்விட்சை ஏற்றினார். பம்ப் ஒரு நாள் தூங்கிய தெம்பில் விறுவிறுவென்று இழுத்து, மட்டத்தை இறக்கிவிட்டது. அதன்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. சேனாபதி மண்ணை வெட்டிப் போட்டு மூடினார். மூட்டை மூட்டையாக பிளீச்சிங் பவுடரைக் கொண்டுவந்து, பாதையின் இருபுறமும் வெள்ளைக் கோடு இழுத்தார். பார்த்தால் மந்திரி வருகிற தெரு மாதிரி இருந்தது. கடைசியாக, கண்ட்ரோல் பெட்டியில் இருந்த சந்தனப் பொட்டை லுங்கி முனையால் துடைத்தார். ஏன் துடைத்தார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. கை துடைத்தது.

ஆற்றில் துடுப்புப் படகு ஓட்ட வந்த யாரோ கவுண்ட்டிக்கு, அதாவது மாவட்ட நிர்வாகத்துக்கு, போன் போட்டுவிட்டார்கள். காலைப் பலகாரத்துக்கு முன்பே இன்ஸ்பெக்டர் ட்ரெவினோ என்ற அம்மாள் ரப்பர் பூட்ஸோடு வந்து நின்றாள். அவளுக்குப் பின்னாலேயே ஜெயபிரகாஷ், ஃப்ரீவேயில் விமானம் ஓட்டியவனைப் போல வந்து இறங்கினான். செப்டிக் லாரிக்காரரை வரவழைத்துச் சங்கிலியால் பம்ப்பை மேலே தூக்கினார்கள். அதன் விசிறியில் வெட் வைப்ஸ் சடை பின்னியதுபோல் சுற்றிக்கொண்டிருந்தது. குழந்தைக்கும் நோயாளிக்கும் துடைத்துப் போடுகிற ஈரத் துணிதான். கழிவறையில் போடாதீர்கள் என்று எழுதி ஒட்டியிருந்தும் யாராவது போடுவார்கள்.

"இதுதான் அடைத்திருக்கும்" என்றாள் ட்ரெவினோ. "அலாரம் ஏன் அடிக்கவில்லை என்றுதான் புரியவில்லை."

அந்தச் சடை பல மாதமாக அங்கேதான் இருந்தது என்பது சேனாபதிக்குத் தெரியும். ஒரு பட்டுப்புடவையே சுற்றியிருந்தாலும் இழுக்கக்கூடிய பம்ப் அது.

ஜெயபிரகாஷ் அப்பா பக்கம் திரும்பி, தமிழில் கேட்டான். "அப்பா, பம்ப் ஆன்லதான இருந்துச்சு?"

"ம்" என்றார் சேனாபதி.

அவ்வளவுதான். பொய் என்று பார்த்தால் அதைவிடச் சின்னப் பொய் தமிழில் இல்லை. ஒரே ஒரு எழுத்து. வாயைக்கூடத் திறக்க வேண்டாம். சொல்லி முடித்த மறுகணம் அது அவர் தொண்டையில் ஒரு முழுப் பூசணிக்காய் அளவுக்கு உட்கார்ந்துகொண்டது.

"அப்ப வெர்னன்தான்" என்றான் ஜெயபிரகாஷ்.

வெர்னன் தொட்டிக்குப் பக்கத்துக் கேரவன்காரர். ஸ்கூல் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். மனைவி லோரெட்டா படுக்கையாகக் கிடந்து, போன வருஷத்துக்கு முந்தின வருஷம் போய்ச்சேர்ந்தாள். அவளுக்குப் பணிவிடை செய்த காலத்தில் அவர் வைப்ஸைக் கழிவறையில் போட்டு, ஒரு முறை மாட்டிக்கொண்டதும் உண்டு. அவள் வீல்சேர் ஏறி இறங்க வாசலில் தன் கையாலேயே ஒரு மரச் சரிவு கட்டியிருந்தார். இனி எங்கே போகப் போகிறோம் என்று வண்டியின் சக்கரங்களையும் எப்போதோ யாருக்கோ கழற்றிக் கொடுத்துவிட்டார். ஆற்றங்கரை ரூல்படி இரண்டும் தப்பு. வெள்ளம் வந்தால் எல்லா வண்டியையும் மேட்டுக்கு இழுத்துக்கொண்டு ஓட வேண்டும். நிலையாகக் கட்டின எதுவும் கூடாது. சரிவை எடுங்கள், வசந்த காலத்துக்குள் சக்கரம் மாட்டுங்கள் என்று ட்ரெவினோ ஏற்கெனவே சொல்லியிருந்தாள். அத்தோடு இப்போது இதுவும் சேர்ந்துகொண்டது.

கூட்டாளிகள் போனிலேயே கூடிப் பேசி முடித்துவிட்டார்கள். மாசக் கடைசிக்குள் வெர்னன் கிளம்ப வேண்டும்.

"பாவம்தான்ப்பா" என்றான் ஜெயபிரகாஷ், காரில் ஏறும்போது. "ஆனா ஒரு விதத்துல ஈசியா சால்வ் ஆகுது. நீங்க காலையிலேயே பாத்து கிளீன் பண்ணலன்னா இன்னும் பெரிய சீன் ஆயிருக்கும். பார்ட்னர்ஸ் எல்லாரும் உங்களுக்குத் தேங்க்ஸ் சொன்னாங்க."

பூசணிக்காய் இன்னும் ஒரு சுற்றுப் பெருத்தது.

அன்றைக்கு சேனாபதி திரும்பத் திரும்பக் குளித்தார். தலைக்கு நாற்பது லிட்டர் மனிதர், ஆரஞ்சு டி-ஷர்ட் குடும்பம் மொத்தத்தையும் தோற்கடித்தார். வாசனை போகவில்லை. மரகதம் வைத்த ரசத்தில் அடித்தது. தலையணையில் அடித்தது. சாமி படத்துக்கு முன்னால் ஊதுவத்தி ஏற்றினால் ஊதுவத்தியில் அடித்தது.

மரகதம் சாயங்காலம் ஒரு நடை போய்விட்டு வந்தாள். நடை என்றால் சும்மா நடை அல்ல. பார்க்கில் எந்தக் கேரவனில் புதுத் திரைச்சீலை, எந்த நாய்க்கு வயிற்றுப்போக்கு என்று அவளுக்கு அத்துப்படி.

"ஏனுங்க" என்றாள், பூண்டு உரித்துக்கொண்டே. "நாய்ப்பை டப்பாவுக்குக்கூடப் பொட்டு அப்படியே இருக்குது. பம்ப்பு பெட்டிக்கு மட்டும் காணமே."

"அழிஞ்சிருக்கும்."

"மழையே பேயலீங்களே."

"காத்துல அழிஞ்சிருக்கும்."

"சந்தனம் காத்துல அழியுதுங்களா? சரிதான். அமெரிக்காவுல என்னதான் நடக்காது." அவள் இன்னும் இரண்டு பல் உரித்தாள். "நேத்து மத்தியானம் துணி காயப்போடப் போனனுங்க. அந்தப் பம்ப்பு சத்தமே கேக்கல. மவராசன் இன்னைக்கு நோன்பிக்குத் தூங்கறானாட்ட இருக்குதுன்னு நெனச்சேன்."

சேனாபதி டி.வி. ரிமோட்டைக் கண்ணாடி போட்டு ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"எனக்கென்னங்க, நான் கேக்க மாட்டேன்" என்று மரகதம் பூண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் கேட்காமல் இருப்பது, மற்றவர்கள் லவுட்ஸ்பீக்கர் வைத்துக் கேட்பதைவிடச் சத்தமாக இருந்தது.

மறுநாள் வெர்னன் வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பார்க் ஆபீஸ் வாசலிலேயே நின்றார். வழக்கமாக அவர் கேட்காமலே உள்ளே வந்து, மரகதத்தின் முறுக்கைக் காபியில் முக்கித் தின்கிற ஆள். அது முறுக்குக்குச் செய்கிற அவமானம் என்று சேனாபதி சொல்வார். உன் காபிக்குச் செய்கிற உதவி என்று வெர்னன் சொல்வார். இரண்டு பேருக்கும் முழங்கால் வலி. எது பெரிய வலி என்பதில் ஒரு முடிவுக்கு வராமல் வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது.

"சேனா" என்றார் வெர்னன். "நான்தான். லோரெட்டா முடியாமல் இருந்தபோது நிறைய உள்ளே போட்டேன். அப்போதே சொன்னார்கள். எங்கேயோ குழாயில் தங்கியிருந்து இப்போது வந்திருக்கிறது. காலங்காத்தாலே நீ அதையெல்லாம் சுத்தம் பண்ண வேண்டியதாகிவிட்டது. அதுதான் எனக்கு அசிங்கமாக இருக்கிறது. மன்னிச்சுக்கோ."

அவரிடம், தன் கேரவன் பக்கத்து மரத்தடியில் பொறுக்கிய பீக்கன் கொட்டைகள் ஒரு பை நிறைய இருந்தன. உடைத்து, தோல் நீக்கி, ஒரு பருப்பு முறியாமல் எடுத்திருந்தார். அதைச் சேனாபதி கையில் வைத்தார்.

சேனாபதி வாயைத் திறந்தார். இல்லை வெர்னன் சார், நான் சொல்கிறதைக் கேளுங்கள் என்று ஆங்கிலத்தில் வாக்கியம் தயாராக இருந்தது. அதற்குள் கூட்டாளிகள் எல்லாரும் வரிசையாகக் கண்முன் வந்து நின்றார்கள். முப்பது ஊருக்குத் தண்ணி குடுத்தவர் என்று சொன்ன மகனின் முகம் வந்தது. முந்நூறு ஊரை நம்பிக்கொண்டிருக்கும் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் எட்டிப் பார்த்தார்கள். இவ்வளவு கூட்டத்தில் அந்த வாக்கியம் நசுங்கிப்போனது.

"ம்" என்றார்.

மரகதம் அந்தக் கொட்டையை முந்திரிக்குப் பதிலாகப் போட்டுப் பாயசம் வைத்தாள். வேண்டுமென்றேதான் வைத்தாள். சேனாபதிக்கு ஒரு வாய் இறங்கவில்லை. "ஏனுங்க, தித்திப்புப் பத்தலைங்களா?" என்று அவள் கேட்டதில் பாயசத்தைத் தவிர எல்லாம் இருந்தது.

அதற்கடுத்த நாள்கள் அவர் வெர்னனின் கேரவனைத் தவிர்ப்பதற்காகப் பார்க்கைச் சுற்றிப் புதுப் புது வழிகள் கண்டுபிடித்தார். வாஷிங் மெஷின் அறைக்குப் போக ஆற்றோரமாக வளைந்து, மேட்டில் ஏறி, முள்வேலிக்குள் நுழைந்து போனார். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று தினமும் பல் தேய்க்கும்போது முடிவெடுப்பார். வாய் கொப்பளிக்கும்போது அது வெளியே போய்விடும்.

ஒரு நாள் முற்பகலில் ரம்பச் சத்தம் கேட்டது. எந்தச் சுற்றுவழியில் போனாலும் கேட்டது. கடைசியில் கால்களே அவரை அங்கே கொண்டுபோய் விட்டன. வெர்னன் முட்டி போட்டு உட்கார்ந்து வாசல் சரிவை அறுத்துக்கொண்டிருந்தார். பாதி போய்விட்டது. மிச்சமிருந்த பலகைகளின் மேல், வீல்சேர் ஏறி இறங்கித் தேய்ந்த இரண்டு கோடுகள் பளபளத்தன.

"இன்ஸ்பெக்டர் எப்படியும் எடுக்கத்தான் சொன்னாங்க" என்றார் வெர்னன். "போகும்போது அடுத்தவனுக்கு எதற்கு வேலை வைக்கணும். மகள் வீட்டில் மூன்றாவது மாடி. அங்கே இதற்கு இடமில்லை." வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "தனியாக அறுத்தால் பலகை ஆடுகிறது. அந்தப் பக்கம் கொஞ்சம் பிடி சேனா."

சேனாபதி பிடித்தார்.

சொல்ல வேண்டியது எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. நிறுத்துங்கள் என்ற ஒரு சொல் போதும். ரம்பம் அந்த இரண்டு கோடுகளின் குறுக்கே போய் வந்தது. அதிர்வு அவர் கைவழியாக ஏறித் தோளுக்கு வந்தது. பலகை ஆடாமல் அறுபடும் வரைக்கும் பிடித்துக்கொண்டு நின்றார். "நன்றி" என்றார் வெர்னன். அடுத்த பலகையையும் பிடித்தார்.

வீட்டுக்கு வந்து கை கழுவாமல் உட்கார்ந்தார். சட்டையெல்லாம் மரத்தூள். மரகதம் பார்த்தாள்.

"அறுத்தது அவருங்களா?"

"நான் பலகை பிடிச்சேன்."

மரகதம் இந்த முறை கிண்டல் எதுவும் செய்யவில்லை. அவருக்கு முன்னால் வைத்த காபி டம்ளரை எடுத்துக்கொண்டுபோய், சிங்க்கில் கொட்டிவிட்டு, கழுவிக் கவிழ்த்தாள்.

மறுநாள் ட்ரெவினோ மறுபடி சோதிக்க வந்தாள். ஜெயபிரகாஷும் வந்திருந்தான். சேனாபதி லுங்கியை விட்டுவிட்டுப் பேண்ட் போட்டு, சட்டையை உள்ளே செருகி, கையில் சந்தனக் கிண்ணத்தோடு வந்ததைப் பார்த்து, "என்னப்பா, கோயிலுக்கா?" என்றான்.

சேனாபதி வெர்னனின் கதவைத் தட்டி அவரையும் அழைத்துக்கொண்டார். மூன்று பேரும் பார்க்க, கண்ட்ரோல் பெட்டியின் நடுவில், பொட்டு இருந்த இடத்திலேயே சந்தனம் வைத்தார். பிறகு ஸ்விட்சை இறக்கினார். முனகல் நின்றது. அலாரத்தின் சோதனைப் பித்தானை அமுக்கிக் காட்டினார். சிவப்பு விளக்கு எரியவில்லை, ஊதுகுழல் வாய் திறக்கவில்லை.

"மேடம்" என்றார், டிபார்ட்மெண்ட் விசாரணையில் நிற்பதுபோல விறைப்பாக. "அன்றைக்குப் பம்ப் அடைக்கவில்லை. நான்தான் நிறுத்தினேன். எங்களுக்குப் பூஜை. வருஷம் முழுக்க உழைக்கிறது, ஒரு நாள் ஓய்வு கொடுத்தேன். தொட்டி தாங்கும் என்று கணக்குப் போட்டேன். கணக்கு தப்பு. மறுநாள் காலையில் ஸ்விட்சைப் போட்டுவிட்டு, பொட்டை அழித்துவிட்டேன். வெர்னன் சார் ஒன்றும் செய்யவில்லை."

ட்ரெவினோ எழுதிக்கொண்டிருந்த தாளிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"ஓய்வு" என்றாள் ட்ரெவினோ. "பம்ப்புக்கு."

"ஆமாம் மேடம்."

அவள் அந்தப் பொட்டை நெடுநேரம் பார்த்தாள். "எங்கள் ஆபீஸில் எனக்கே கிடைக்கவில்லை" என்றாள். அப்புறம் அவள் முகம் மறுபடி கவுண்ட்டி முகம் ஆனது. அலாரத்துக்குத் தனி ஒயர் இழுக்க வேண்டும், கூட ஒரு பம்ப் இருக்க வேண்டும், ஸ்விட்சுக்குப் பூட்டு போட வேண்டும், ஆற்றில் கலந்ததைப் பார்க்கே எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று அடுக்கினாள். "சாவி இவரிடம் இருக்கக் கூடாது" என்று சேனாபதியைக் காட்டினாள். வேடிக்கைக்காகச் சொல்லவில்லை.

ஜெயபிரகாஷ் அப்பாவுக்கு அருகில் வந்தான். இப்போது தமிழில், தணிந்த குரலில் கேட்டான். "அப்பா, நான் உங்களை நேரா கேட்டேனே."

"கேட்ட."

"நீங்க 'ம்'ன்னீங்க."

"பொய் சொன்னேன்."

"பார்ட்னர்ஸ்கிட்ட நான் என்னன்னு சொல்றது?"

"முப்பது ஊருக்குத் தண்ணி குடுத்தவரு ஒரு ஆத்துல சாக்கடைய வுட்டுட்டாருன்னு சொல்லு."

ஜெயபிரகாஷ் சிரிக்கவில்லை. காரில் ஏறிக் கதவைச் சாத்திய சத்தத்தில் எதிர்க்கரை நாரைகள் மறுபடி ஒரு முறை இடம் மாறின.

வெர்னன் அறுத்து அடுக்கியிருந்த பலகைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். திட்டுவார் என்று சேனாபதி எதிர்பார்த்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

"நேற்று நீ அந்தப் பக்கம் பிடித்தாய்" என்றார் வெர்னன்.

பிறகு, சரிவு இல்லாத வாசலில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரமப்பட்டு ஏறி, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கூட்டாளிகள் மறுபடி கூடிப் பேசினார்கள். வெர்னன் இருக்கலாம்; ஆனால் வசந்த காலத்துக்குள் சக்கரம் கட்டாயம். மெயின்டனன்ஸ் வெளிக் கம்பெனிக்குப் போனது. சேனாபதிக்குப் புல்வெட்டும் மெஷின் மட்டும் மிஞ்சியது. பம்ப் பெட்டியின் சாவி மரகதத்தின் தாலிக்கொடியில் ஒரு ஊக்கில் தொங்கியது. அவரைப் பார்க்கும்போதெல்லாம் அவள் அதைக் கொஞ்சம் அசைத்துவைப்பாள். ஜெயபிரகாஷ் ஞாயிற்றுக்கிழமை போன்களில் அம்மாவிடம் மட்டும் பேசினான். "அவர் சாப்பிட்டாரா" என்று கேட்கிற அளவுக்கு மெல்ல மெல்ல இறங்கி வந்தான்.

சேனாபதி தினமும் காலையில் ஒரு தட்டு முறுக்கைக் கொண்டுபோய் வெர்னனின் வாசற்படியில் வைத்தார். கதவு திறக்கவில்லை. அந்தக் குளிர்காலத்தில் ஹெரான் பெண்ட் அணில்கள் ஆட்டுக்குட்டி அளவுக்குப் பெருத்தன. ஒன்றிரண்டு, தட்டு தாமதமானால் ஆபீஸுக்கே வந்து கேட்டன. வெர்னன் வாசலில் ஏறும்போது முழங்காலைப் பிடித்துக்கொள்வதைத் தூரத்திலிருந்து பார்க்க நேரும்போதெல்லாம், சேனாபதிக்குத் தன் வலியை யாரிடமும் சொல்லவே வாய் வரவில்லை.

குளிர் விட்டுப்போன ஒரு காலையில் தட்டை வைக்கக் குனிந்தபோது கதவு திறந்தது. எங்கிருந்தோ வாங்கி வந்த பழைய அச்சும் டயர்களும் வாசலோரம் கிடந்தன.

"ஜாக் பிடிக்கத் தெரியுமா?" என்றார் வெர்னன்.

"தெரியும்."

"பலகை பிடித்த மாதிரி பிடிக்காதே."

அன்றிலிருந்து சேனாபதி வண்டிக்கு அடியில் குடியேறினார். வெர்னன் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேலிருந்து உத்தரவு போட்டார். தலைமைப் பொறியாளர்களுக்குக்கூட அவ்வளவு பணிந்திராத சேனாபதி, கிரீஸைத் தலைமுதல் கால்வரை பூசிக்கொண்டு, பூனை அளவு சிலந்திகளோடு இடம் பங்கு போட்டுக்கொண்டு, துருப்பிடித்த போல்ட்டுகளோடு மல்லுக்கட்டினார். பேச்சு அதிகமில்லை. முழங்கால் பேச்சுவார்த்தை இன்னும் தொடங்கவில்லை.

"மன்னிச்சுட்டாருங்களா?" என்று மரகதம் சட்டையை ஊறவைத்துக்கொண்டே கேட்டாள்.

"நான் கேக்கல. நாளைக்கும் வரச் சொல்லியிருக்காரு."

ட்ரெவினோ வந்து பார்க்கிற நாளில், ஒரு வாடகை லாரியை கேரவனுக்கு முன்னால் பூட்டினார்கள். வண்டி நகரும் என்பதைக் காட்டினால் போதும். ஜெயபிரகாஷும் வந்திருந்தான், அப்பாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றான், கொஞ்சம் இடைவெளி விட்டு. சேனாபதி பேண்ட் பையிலிருந்து எலுமிச்சம்பழங்களை எடுத்தார். சக்கரத்துக்கு ஒன்று வைக்கக் குனிந்தவர், பாதியில் நின்று வெர்னனைப் பார்த்தார்.

"புதிதாக மாட்டிய டயருக்கு வைப்பது எங்கள் வழக்கம். வைக்கட்டுமா?"

வெர்னன் பழத்தைப் பார்த்தார், ட்ரெவினோவைப் பார்த்தார். "இது எதையாவது ஆஃப் பண்ணுமா?"

"பண்ணாது."

"அப்போ வை."

லாரி உறுமியது. பழங்கள் நசுங்கின. அத்தனை வருஷம் வேர்விட்டிருந்த வண்டி முனகிக்கொண்டு முன்னால் நகர்ந்தது. ட்ரெவினோ தலையசைத்துவிட்டுத் தன் ஜீப்புக்குப் போனாள். எலுமிச்சை வாசனை பரவியது. ஆயுத பூஜைக்குப் பிறகு சேனாபதி மூக்குக்கு ஒழுங்காக வந்துசேர்ந்த முதல் வாசனை அதுதான்.

வண்டி விலகிய இடத்தில், மரச் சரிவு இருந்த மண் மட்டும் புல் இல்லாமல் வெளுத்து, நீளமாகக் கிடந்தது. சேனாபதி அதைப் பார்த்தார். வெர்னனும் பார்த்தார்.

"புல் வெட்டும்போது இதன்மேல் மெஷினை ஓட்டாதே" என்றார் வெர்னன். "புல் முளைத்தாலும் ஓட்டாதே."

"ம்" என்று தொண்டை வரை வந்தது. சேனாபதி அதை விழுங்கிக்கொண்டார்.

"ஓட்ட மாட்டேன்" என்று முழுசாகச் சொன்னார்.